உறைக்குள் போன கத்தி

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், கயாக் படகில் உட்கார்ந்து கொடுவா மீன் பிடிப்பதைச் சொல்லிக்கொடுத்து வந்தார் ஜொஹரா. ஞாயிற்றுக்கிழமைதான் வகுப்பு. யாரையும் அவர் அத்தனை லேசில் தனியாகப் போக விட்டதில்லை.

மாணவர்களில் மூத்தவர் தீனதயாளன். சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசிரியைக்கு அப்பா வயது இருக்கும்.

ஜொஹராவிடம் ஒரு வழக்கம் உண்டு. படகைத் தண்ணீரில் தள்ளும் முன்னால், தூண்டில் நரம்பில், மீனை ஏமாற்றும் பிளாஸ்டிக் பொய்மீன் ஒன்றைக் கட்ட வேண்டும். கட்டியதை, நெஞ்சில் தொங்கும் கத்தியை உருவி அறுக்க வேண்டும். அப்புறம் மறுபடியும் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர்.

“அறுக்கறதுக்கா டீச்சர் கட்டறோம்?” என்று முதல் நாளே கேட்டார் தீனதயாளன்.

“கட்டறதுதான் எல்லாருக்கும் வருதே சார்.”

நல்ல பொய்மீனைக் கட்டி அறுக்கத் தீனதயாளனுக்கு மனசு வரவில்லை. சாயம் போன பழைய பொய்மீன் ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தார். அதைக் கட்டுவார், அறுப்பார், பையில் போட்டுக்கொள்வார். பிறகு நல்லதை எடுத்துக் கட்டுவார். ஜொஹரா அதைப் பார்த்தும் ஒன்றும் சொன்னதில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. வானம் ஈரச் சாம்பல் போலக் கிடந்தது. சாயங்காலம்தான் காற்று வலுக்கும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று ஜொஹராவும், அன்றைக்கு வந்த ஒரே மாணவரான தீனதயாளனும் இரண்டு படகுகளில் ஓடைக்குள் போனார்கள்.

“என்னை எப்ப தனியா விடுவீங்க?” என்று கேட்டார் தீனதயாளன்.

“ஏன், நான் ரொம்பப் பேசறேனா?”

“பேசறதே இல்ல. ஆனா இருக்கீங்களே.”

ஜொஹரா சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க. எஞ்சின்ல எப்பவும் பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருப்பான். வீட்டுக்கு வந்தா மச்சினன் குடும்பம், டிவி. சாகறதுக்குள்ள ஒரே ஒரு காலை, நானும் தண்ணியும் மட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்.”

“சொல்றேன் சார்.”

“என்னை நம்பலாம் டீச்சர். என் சர்வீஸ்ல ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டுனதில்ல.”

“தெரியும். வாரா வாரம் சொல்றீங்க.”

காற்று சொன்ன நேரத்துக்கு வரவில்லை. முன்னாலேயே வந்துவிட்டது. கொக்குகள் ஒன்றும் இல்லாமல் கரை வெறிச்சோடியது. மழை சாய்ந்து அடித்தது. கடல் வற்றுகிற நேரம் வேறு. ஓடைத் தண்ணீர் முழுவதும் முகத்துவாரத்தைப் பார்த்து இழுத்தது.

“திருப்புங்க சார். போதும்.”

“ஒரே ஒரு வீச்சு.”

வீசினார். பொய்மீன் வேர்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது.

அவர் வாழ்நாளில் பார்த்திராத கொடுவா. ஒரு முறை முழு உடம்பையும் காட்டித் துள்ளியது. பிறகு நேராக அலையாத்தி வேர்களுக்குள் புகுந்தது. நரம்பு வேரில் சுற்றிக்கொண்டது.

காற்றும் நீரும் படகைக் கடல் பக்கம் தள்ளின. நரம்பு விடவில்லை. படகு குறுக்கே திரும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் தண்ணீர் ஏறியது.

“அறுங்க!”

“ஒரு நிமிஷம்!”

“அறுங்க சார்!”

“வந்துரும் டீச்சர், வந்துரும்!”

ஜொஹரா காற்றை எதிர்த்து வந்தார். வேகமாக வந்தார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு துடுப்புப் போடும்போதும் அந்த இடத்தைத் தனக்கென்று வாங்கிக்கொண்டு, அங்கிருந்து அடுத்த இடத்துக்கு வருவது போல இருந்தது. அந்த நேரத்திலும் தீனதயாளன் அதைக் கவனித்தார். இப்படி ஒருவர் துடுப்புப் போட்டு அவர் பார்த்ததில்லை.

வேர்களுக்கும் அவருக்கும் நடுவில் தன் படகை நுழைத்தார் ஜொஹரா. கத்தியை உருவினார். விறைத்த நரம்பு அவர் முகத்துக்கு முன்னால் நின்றது. கையை நீட்டினால் போதும்.

தீனதயாளனை ஒரு முறை பார்த்தார்.

கத்தி உறைக்குள் போயிற்று.

ஒரு கையால் வேரைப் பற்றினார். இன்னொரு கையால் தீனதயாளனுடைய படகின் விளிம்பைப் பற்றினார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

தீனதயாளன் அடுத்த அதட்டலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. மழைச் சத்தம்தான் இருந்தது. ஜொஹரா அவரைப் பார்க்கக்கூட இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வேர்களுக்கிடையில் வெள்ளியாக ஒன்று புரண்டது. ஒரு சிவந்த கண் தெரிந்தது.

சாய்ந்த படகுக்குள் இடுப்புவரை தண்ணீர்.

“டீச்சர்...” என்றார்.

தீனதயாளனின் கை மெல்ல நெஞ்சுக்குப் போயிற்று. கத்தியை எடுத்தது. நரம்பு விண்ணென்று அறுந்தது. படகு நிமிர்ந்தது. மீன் போயிற்று. இருந்ததில் மிக நல்ல பொய்மீனும் அதோடு போயிற்று.

“துடுப்பை எடுங்க. என் பின்னாலேயே வாங்க,” என்றார் ஜொஹரா.

அவருடைய முதுகு காற்றை வாங்கிக்கொண்டது. அந்த மறைவில் தீனதயாளன் வந்து சேர்ந்தார்.

கரையில் படகை இழுத்துப் போடும்போதுதான் பார்த்தார். ஜொஹராவின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வேர் முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும். அது கத்தியைவிட மோசம்.

தன் துண்டைக் கிழித்துக் கொடுத்தார்.

“சிவப்பைத் தாண்டிட்டேன்,” என்றார். “ரெண்டு தடவை சொன்னீங்க. கேக்கல.”

ஜொஹரா கையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இனிமே தனியாப் போறதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்.”

ஜொஹரா துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க டீச்சர். கத்தி உங்க கையிலயே இருந்துச்சு. நரம்பு மூக்குக்கு முன்னாடி நின்னுச்சு. ஒரு இழுப்புல முடிஞ்சிருக்கும். கையும் கிழிஞ்சிருக்காது. ஏன் உள்ள வெச்சீங்க?”

ஜொஹரா முடிச்சின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இறுக்கினார்.

“காத்து அடங்குனதும், அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க தனியாப் போறீங்க,” என்றார். “நான் வரலையே சார்.”