செத்தவன் வந்து சொல்லட்டும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லும் தைரியம் கிடையாது. பெயர் மகுடபூபதி. உடம்பு பெரிது, ஆசை அதைவிடப் பெரிது. ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "என் பிறந்தநாளன்று நான் ஊஞ்சல் ஆட வேண்டும். ஆடுகிற ஆட்டத்தில் கால் மேகத்தில் இடிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளித்தார்.

கொப்பளித்த தண்ணீர் காய்வதற்குள் வேலை தொடங்கிவிட்டது. ஏரிக்கரையில் ராஜாவுக்கு ஓர் ஊஞ்சல் மண்டபம், ராணிக்கு ஒன்று. கட்டும் பொறுப்பு மராமத்து அதிகாரி வல்லபராயருக்கு.

ராணி மண்டபத்தில் சங்கிலி மாட்டிய அன்றே கூரை இடிந்து விழுந்தது. மாட்டிக்கொண்டிருந்த கொத்தனார் செங்கோடன் அடியில் சிக்கிச் செத்துப்போனான்.

காரியம் முடிந்த கையோடு அவன் மனைவி பூவாயி இடுப்பில் குழந்தையுடன் சபைக்கு வந்தாள்.

"மவராசா, சாந்து கெட்ட சாந்து. கூரை நிக்காதுன்னு எம்புருசன் ராயர்கிட்ட சொன்னாரு. சொன்னவரையே மேல ஏத்தி விட்டாக. எனக்கு நாயம் வேணும்."

வல்லபராயர் மீசையைத் தடவினார். "அரசே, அவன் குடித்துவிட்டு ஏறினான். கூரையையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். ஆனாலும் நான் இரக்கமுள்ளவன். ஒரு பச்சைச் சேலை, ஒரு மூட்டை அரிசி தருகிறேன். 'எல்லாம் விதி' என்று சபையில் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போகட்டும்."

"அவரு ஒரு சொட்டுக்கூட குடிக்க மாட்டாரு. அரிசிய நீங்களே பொங்கித் தின்னுங்க" என்றாள் பூவாயி.

உடனே தர்மாதிகாரி அனந்தமூர்த்தியார் எழுந்தார். நாட்டின் நீதி முழுவதும் அவர் நாக்கில்தான் குடியிருந்தது. அதனால்தானோ என்னவோ, வெளியே வருவது அபூர்வம்.

"பெண்ணே, இச்சபையின் வழக்கம் அறிவாயா? அடிபட்டவன் எவனோ, அவனே இங்கு நின்று, தன் மார்பைத் தட்டி, 'எனக்கு அநியாயம் நடந்தது' என்று சொல்ல வேண்டும். கை போனவன் வந்து சொன்னான், நீதி வழங்கினோம். கால் போனவன் தவழ்ந்து வந்து சொன்னான், வழங்கினோம். உயிர் போனவன் என்று ஒருவனும் இதுவரை வந்ததில்லை. ஆகவே இந்நாட்டில் அநியாயச் சாவு என்பதே கிடையாது!"

சபை "ஆகா" என்றது. அந்த நாட்டு அதிகாரிகள் எல்லாருக்கும் இந்த வழக்கம் மனப்பாடம். எதையாவது அரைகுறையாக இடியவிட்டால்தான் ஆபத்து. முழுசாக இடிந்து ஆளைக் கொன்றுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

"ஆகா" சொல்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவன் ஒருவன் மட்டும்தான். அவன் அரசவை விகடன் உலகப்பன். ராஜாவைச் சிரிக்கவைக்கச் சம்பளம் வாங்குகிறவன். இதைச் சொல்லும் எனக்கு அந்தச் சம்பளமும் இல்லை என்பதை இங்கே வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உலகப்பனை எப்படியாவது ஊரைவிட்டுத் துரத்தவேண்டும் என்பது வல்லபராயரின் நெடுநாள் ஆசை. "அரசே, விகடகவிக்கு மனம் தாங்கவில்லை போலும். செத்தவனை அவரே அழைத்து வரட்டுமே. முடியாவிட்டால் கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம்" என்றார்.

ராஜாவுக்கு அன்று பொழுது போகவில்லை. "நல்ல வேடிக்கை! உலகப்பா, நாளை என் பிறந்தநாள். பொழுது சாய்வதற்குள் செங்கோடனையும், ராயர், தர்மாதிகாரி இவ்விருவரையும் நேருக்கு நேர் நிறுத்து. இது என் ஆணை."

"உத்தரவு" என்றான் உலகப்பன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே நடந்தான்.

வாசலில் பூவாயி குழந்தைக்குத் தலை கோதிக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கவைக்கிறவரு நீங்க. நீங்க எதுக்கு அழுவுறீக?"

"அழுகையா? சளி, தாயி. எனக்கு எப்பவும் சளிதான்."

"எனக்குக் காசு பணம் வேண்டாம், சாமி. அவரு குடிச்சிட்டுச் செத்தாருன்னு ஊரே பேசுது. இந்தப் புள்ள நாளைக்கு அதைக் கேட்டுத்தானே வளரணும்? அதை மட்டும் இல்லன்னு சொல்லவச்சிருங்க."

"சாந்து கெட்டதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எறும்பு வரலயே! சுண்ணாம்பு அரைக்கையில சாந்து இறுகக் கருப்பட்டித் தண்ணி ஊத்துவாக. வேலை முடிஞ்சு வந்தா அவரு மேலெல்லாம் எறும்பு ஏறும். பக்கத்துல படுக்க முடியாது, சண்டை போடுவேன். இந்த மண்டபத்து வேலை தொடங்கினதுலருந்து ஒரு எறும்பு எட்டிப் பார்க்கல. அப்பவே கேட்டேன். கருப்பட்டியெல்லாம் ராயர் வீட்டுக்குப் போகுதுன்னாரு."

உலகப்பன் நேராக ராஜாவின் மண்டபத்துக்குப் போனான். தூணை நக்கிப் பார்த்தான். வாய் முழுக்க மண், துளி இனிப்பு இல்லை. தீனி விஷயத்தில் அவன் நாக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

மறுநாள் சபை முழுவதும் ராஜாவின் ஊஞ்சல் மண்டபத்துக்கு முன்னால் கூடியது. ராணியும் வந்திருந்தார். மேளம் முழங்கியது. உலகப்பன் கையில் கட்டுச்சோற்று மூட்டையுடன் வந்தான்.

"எங்கே செங்கோடன்?" என்றார் ராஜா.

"அவனால் வர இயலவில்லை, அரசே. அவன் இருக்கும் ஊருக்குப் போகும் வழி உண்டு, திரும்பும் வழி இல்லை. ஆனால் தாங்கள் அவனை இங்கே கொண்டுவா என்று ஆணையிடவில்லையே? நேருக்கு நேர் நிறுத்து என்றுதான் சொன்னீர்கள். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. ஆகவே இவ்விருவரையும் அங்கே அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன். வழிக்குப் புளிச்சோறும் கொண்டுவந்திருக்கிறேன்."

"எப்படி அனுப்புவாய்?"

"செங்கோடன் போன அதே வண்டியில். அதே சாந்து, அதே கூரை, அதே சங்கிலி. ஊஞ்சலில் இருவரும் ஏறி உட்காரட்டும். நான் பின்னாலிருந்து ஓங்கி ஆட்டுகிறேன். மேகம் வரைக்கும் போகவேண்டாம், பாதியிலேயே ஊர் வந்துவிடும். தர்மாதிகாரி அவன் வாயாலேயே முறையீட்டைக் கேட்டுக்கொள்ளலாம். ராயர் அந்தப் பச்சைச் சேலையையும் அவனிடமே கொடுத்துவிடலாம்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்திருந்தது. "ஏறுங்கள்!" என்றார்.

தர்மாதிகாரி உடனே ஒரு தூணைக் கட்டிப்பிடித்தார். பிறகு அது எந்த மண்டபத்துத் தூண் என்று நினைவு வந்ததும் விட்டுவிட்டு ஓடிவந்து ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டார். வல்லபராயரை இரண்டு காவலர்கள் தூக்கி ஊஞ்சல் பலகையில் வைத்தார்கள். உலகப்பன் பலகையைத் தொட்டதுதான் தாமதம்.

"ஆட்டாதே! கூரை தாங்காது! ஐயோ, ஆட்டாதே!"

மேளம் நின்றது.

"இன்று நான் ஆட இருந்த ஊஞ்சல் அல்லவா இது?" என்றார் ராஜா.

"அரசே... தாங்கள் மெதுவாகத்தான் ஆடுவீர்கள் என்று..."

ராஜா தம் உடம்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

உலகப்பன் கைகட்டி நின்றான். "கவலை வேண்டாம், அரசே. தாங்கள் விழுந்து கால் ஒடிந்தால் முறையிடலாம். உயிர் போனால்தான் சிக்கல். ராணியார் சபைக்கு வருவார். 'மன்னர் வந்து மார்பைத் தட்டிச் சொல்லட்டும்' என்பார் தர்மாதிகாரி. 'மன்னர் குடித்துவிட்டு ஆடினார்' என்பார் ராயர். ஒரு சேலை, ஒரு மூட்டை அரிசி. வழக்கு தீர்ந்தது."

"எனக்குப் பச்சை நிறம் பிடிக்காது" என்றார் ராணி.

ராஜா ராணியைப் பார்த்தார். உலகப்பனைப் பார்த்தார். தொப்பை குலுங்கத் தொடங்கியது. சிரித்தார், சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தக் கண்ணீரில் பாதி பயம் என்பது என் அபிப்பிராயம்.

சிரித்து முடித்ததும் ஆணை பிறந்தது. இனி உயிர் போனவனுக்காக அவன் மனைவி முறையிடலாம், பிள்ளை முறையிடலாம், பெற்றவர்கள் முறையிடலாம்; அவர்கள் சொல்வதே செத்தவன் சொல். வல்லபராயரின் நிலமெல்லாம் பூவாயி குடும்பத்துக்கு. புது மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அரைக்கும் வேலை வல்லபராயருக்கு. தர்மாதிகாரி அவருக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும்.

"வேறென்ன வேண்டும், அம்மா?" என்று கேட்டார் ராஜா.

"ராயர் வாயால சொல்லச் சொல்லுங்க."

வல்லபராயர் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே முணுமுணுத்தார்.

"புள்ளைக்குக் கேக்கல" என்றாள் பூவாயி.

"செங்கோடன் குடிக்கவில்லை! கூரை நிற்காது என்று சொன்னான்! நான்தான் கேட்கவில்லை!"

அவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். உலகப்பனுக்கு மறுபடியும் சளி பிடித்தது.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

"ஒரு வண்டி கருப்பட்டி, அரசே."

வண்டி வந்தது. கொஞ்சம் தின்றான். கொஞ்சம் என்றால் உலகப்பன் அளவுக்குக் கொஞ்சம். மீதியைப் புது மண்டபத்துச் சாந்தில் ஊற்றவைத்தான். அடுத்த பிறந்தநாளன்று ராஜா ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தவுடன், "ஆ!" என்று துள்ளினார். தொடையில் எறும்பு.

"கடிக்கிறதடா, உலகப்பா!"

"அப்படியானால் ஆடலாம், அரசே."

ராஜா சிரித்துக்கொண்டே காலை உந்தினார்.