பிள்ளைக்கு முன்னால் ஆடிய குழவி

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. வழியில் போகிறவரை நிறுத்தி, "வெயிலில் எங்கே கிளம்பிவிட்டாய், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போயேன்" என்று உரிமையோடு அதட்டும். இப்போது நினைத்தாலும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது சீனித்தாய் என்று ஓர் உப்புக்காரி இருந்தாள். ஒண்டிக்கட்டையாக வந்து, தலைச்சுமையாக உப்பு விற்று, வாயாலேயே ஒரு குடிசையைச் சம்பாதித்தவள். பேரத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. குறுக்கே யாராவது பேசினால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

அவள் மகள் வடிவு அப்போதுதான் நடை பழகியிருந்தாள். இறக்கி விட்டால் நேரே அடுப்புக்குத்தான் ஓடுவாள். ஒருநாள் பாவாடை ஓரத்தில் தீ பிடித்தது. சீனித்தாய் கையாலேயே அடித்து அணைத்தாள். 'இனி பிள்ளையைக் கீழே விடக் கூடாது, ஓர் ஊஞ்சல் கட்டியே தீர வேண்டும்' என்று கிளம்பினாள்.

வாசலில் நின்ற புளிய மரத்திடம் போனாள்.

"ஒரு கிளை வேணும். என்ன கேக்குற?"

"கோடை முடியுற மட்டும் தினம் ஒரு குடம் தண்ணி ஊத்து தாயி."

"ஒரு குடமா! நான் மைல் கணக்கா நடந்து சுமக்குறேன், நீ நின்ன இடத்துலயே குடிப்பியோ? அரைக் குடம்."

"பிள்ளை பாரம் தாயி. வேர் காஞ்சா கொம்பு ஏமாத்தும். குறைக்க மாட்டேன்."

"போ, நீயும் உன் கொம்பும்!"

கொல்லையில் நின்ற முருங்கை கூப்பிட்டது. "அக்கா, சோறு வடிச்ச கஞ்சி கொஞ்சம் ஊத்து. எனக்கு அது போதும்."

சீனித்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. பழைய சேலையை நாலாக மடித்தாள். நார்க்கயிற்றால் முருங்கைக் கிளையில் முடிச்சுப் போட்டு, பிள்ளை தொடையில் உரசாமல் துணி சுற்றினாள். நழுவி விழாமலிருக்க இடுப்புக்கு ஒரு வார் வைத்தாள். கீழே மணலைக் கொட்டிப் பரப்பினாள். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மேலே கிளையை மட்டும் பார்க்கவில்லை. மலிவாகக் கிடைத்த சந்தோஷம்.

அம்மியில் பாதியில் விட்ட மிளகாயை வழித்து வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கலாம் என்று உட்கார்ந்தாள். வடிவு ஊஞ்சலைப் பார்த்துக் கையைத் தூக்கிக் குதித்தாள். அப்போது ஓர் அணில் வந்து ஊஞ்சலுக்குள் உட்கார்ந்தது.

"யக்கா, பிள்ளையை வைக்காதே. நான் ஓடுனாலே இந்தக் கொம்பு முனகுது."

"புளிய மரத்துல குடியிருக்குற பய நீ. அது சொல்லி அனுப்புச்சாக்கும்?"

"சத்தியமா இல்லக்கா. நீ பேரத்தைப் பாத்தே, கொம்பைப் பாக்கலியே."

அவ்வளவுதான். கையிலிருந்த குழவிக்கல்லை அப்படியே வீசினாள். அணில் தாவிவிட்டது. கல் ஊஞ்சலின் மடிப்புக்குள் விழுந்து, பிள்ளையைப் போல ஒருதரம் ஆடியது. மறுதரம் ஆடும்போது மடார் என்று கிளை முறிந்து, கல்லோடும் கயிற்றோடும் மணலில் அறைந்தது.

சீனித்தாய் ஓடிப்போய் வடிவை வாரி அணைத்துக்கொண்டாள்.

அப்புறம் முருங்கையை நிமிர்ந்து பார்த்தாள். "தாங்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா." முருங்கையின் குரல் உடைந்தது. "கீரை பறிக்கத்தான் எல்லாரும் வர்றாங்க. ஒரு பிள்ளை என்கிட்ட ஆடிச் சிரிக்கணும்னு ஆசைப்பட்டுட்டேன்."

வெட்டிப் போட அரிவாளைத் தேடிய அவள் கை நின்றுவிட்டது. முறிந்த இடத்தில் சாணியைப் பூசிவிட்டு, புளிய மரத்திடம் நடந்தாள்.

"ஒரு குடம்னு சொன்னியே. ஊத்துறேன்."

"பேரம் பேசலியா தாயி?"

"பேசாம கட்டவிடு."

கட்டி முடித்தாள். வடிவு அழுதாள், ஆனாலும் உடனே தூக்கி வைக்கவில்லை. குழவியைக் கழுவி, அதை முதலில் உள்ளே கிடத்தி, கிளையைப் பார்த்தபடி நன்றாக ஆட்டினாள். பிறகுதான் மகளை உட்காரவைத்தாள். வடிவின் சிரிப்பு கொல்லை வரைக்கும் கேட்டது. முருங்கை அதைக் கேட்டுக்கொண்டே நின்றது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், தொட்டிலோ ஊஞ்சலோ புதிதாகக் கட்டினால் குழவிக்கல்லை முதலில் போட்டு ஆட்டிவிட்டு அப்புறம் பிள்ளையைப் போடுகிற நம் வழக்கம்.