கோணாங்குளத்தில் பிளக்-இன் விழுந்த நாள்

கோணாங்குளத்துக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புத்தி இருந்தது. அழுக்குப் பட்டுவிடக் கூடாதே என்று வெளியே எடுக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு பஸ். காலையில் ஒரு நடை, பிற்பகல் மூன்றரைக்கு டவுன் போய் மாலையில் திரும்பி வரும் ஒரு நடை. ஏறுவதற்கு ஆளே இல்லை, ஆகவே இந்தத் தடம் ரத்து செய்யப்படும் என்று போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையதளத்தில் படிவம் நிரப்ப வேண்டும். தவறினால் பஸ் போனது போனதுதான்.

கடிதத்தை ஊருக்குப் படித்துக் காட்டியவர் மாசானமுத்து. ஊர் நூலகத்தில் உதவியாளர். எழுத்தில் இருப்பது எதுவானாலும் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அவர் கொள்கை. மாத்திரை அட்டையில் 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று போட்டிருந்ததால், காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரையை விழுங்காமல் அப்படிப்பட்ட ஓர் இடம் தேடி வைத்துவிட்டு, எட்டு நாள் நடுங்கிக்கொண்டே அதற்குக் காவல் இருந்தவர்.

அவர் மனைவி உலகம்மைக்கு டவுன் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை. கடிதம் வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்.

"பஸ்ஸு இல்லைன்னா நான் எங்க அக்கா வீட்டுல தங்கிக்கிடுவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வாரேன். நீங்க பொங்கித் தின்னுக்கிடுங்க."

மாசானத்துக்குப் பொங்கத் தெரியாது. அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆள் இல்லாத வீட்டில் சாயங்காலம் யாரிடம் போய் என்ன சொல்வது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே பஸ் மீட்புக் குழு அமைந்தது. தலைவர் திரவியம். அவருக்கு மீசை இருந்தது. உறுப்பினர்கள், கொத்தனார் கொம்பையாவும் பெட்டிக்கடை சீனியும். எழுத்து வேலைக்கு மாசானம். ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர்தான். அது நூலகத்தில் இருந்தது. புதன்கிழமையே படிவத்தை நிரப்பிவிடலாமா என்று சீனி கேட்டதற்குத் திரவியம் மறுத்துவிட்டார். "கடுதாசியில வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு வேய். புதன்கிழமை செஞ்சா அது சட்டவிரோதம்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாசானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். படிவம் வந்தது. ஊர்ப் பெயரில் 'கோணா' வரைக்கும் அடித்திருப்பார், திரை அப்படியே உறைந்துபோனது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் அழுகிற முகம் ஒன்று. கீழே ஒரு வரி.

"செருகுநிரல் செயலிழந்தது," என்று மாசானம் வாசித்தார்.

குழு எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தது.

"ஆளு யாரு?" என்று கொம்பையா மெல்லக் கேட்டார்.

"நம்ம பக்கத்துப் பேரு மாதிரி இல்ல," என்றார் திரவியம்.

டவுனில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஜெபசிங்குக்குப் போன் போட்டார்கள். அவர் எங்கோ ஏணி மேலே நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் பேசினார்.

"அண்ணாச்சி, செருகுநிரல்னா பிளக்-இன். அது பண்ணுற வேலை இது. உங்க பிரவுசர் பழசு. சின்னதா ஒரு அப்டேட் வந்திருக்கு. அதைப் போட்டுட்டா பிளக்-இன் விழுந்தாலும் மத்தது எதுவும் கூடச் சேந்து விழாது. மொதல்ல குக்கீ எல்லாத்தையும் காலி பண்ணுங்க. பொறவு திறந்து கிடக்கிற விண்டோ எல்லாத்தையும் மூடிருங்க. புதுசா ஒரு விண்டோ திறங்க. அதுல அப்டேட் வரும், ஒரு அமுக்கு அமுக்குங்க. அஞ்சு நிமிச வேலை."

போன் வைக்கப்பட்டது. மாசானம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"குக்கீன்னா பிஸ்கட்டு," என்றான் சீனி. சொன்ன பிறகுதான் அவனுக்கு முகம் வெளுத்தது. ஊரில் பிஸ்கட் இருந்த ஒரே இடம் அவன் கடை.

"எல்லாத்தையும்னு சொல்லியிருக்காரு," என்றார் திரவியம். "ஊருக்காகச் செய்யுதோம். கொண்டா."

ஆறு பாட்டில் பிஸ்கட் வந்தது. நால்வரும் சுற்றி உட்கார்ந்து, சிரிக்காமல், பேசாமல், கடமையாகத் தின்றார்கள். ஐந்தாவது பாட்டிலில் கொம்பையாவுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடிக்கலாமா என்று மாசானம் நோட்டைப் பார்த்தார். அதில் தண்ணீர் பற்றி ஒன்றும் இல்லை. விக்கலோடு தின்று முடித்தார்கள்.

அடுத்தது ஜன்னல். நூலகத்தில் ஏழு ஜன்னல்கள். ஆறை மூடினார்கள். ஏழாவதற்குக் கதவே கிடையாது, கம்பியும் கிடையாது, வெறும் மரச்சட்டம்.

"கதவு இல்லாத ஜன்னலை எப்படி மூடுறது?"

"ஆளை வச்சுத்தான்," என்றார் திரவியம்.

சீனியை ஏற்றிச் சட்டத்துக்குள் நிற்கவைத்தார்கள். அப்படியும் இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தது. பழைய வாரப் பத்திரிகைகளை அவன் விலாவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினார்கள். சீனி இறுகிப்போனான்.

"மூச்சு விடலாமா, அண்ணாச்சி?"

"வெளிய விடு. உள்ள விட்டா அது திறந்த மாதிரி ஆயிரும்."

பிறகு நோட்டில் இருந்த அடுத்த வரி: புதுசா ஒரு விண்டோ திறக்கவும். குழு நெடுநேரம் யோசித்தது.

"மூடினதுல ஒண்ணைத் திறந்தா என்ன?" என்றார் மாசானம்.

"அது பழசுல்லா? பத்து வருசமா பாக்குதோமே!" என்றார் கொம்பையா. "புதுசுன்னா, இதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஜன்னல் இருந்திருக்கப்படாது."

இதில் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. கொம்பையா வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்துவந்தார். கிழக்குச் சுவரா மேற்குச் சுவரா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. அப்டேட் டவுனிலிருந்துதான் வர வேண்டும், டவுன் கிழக்கே இருக்கிறது, ஆகவே கிழக்கு என்று முடிவானது.

சுவரில் கடப்பாரையின் முதல் இடி விழுந்தது. நூலகத்துச் சுவர், மாசானம் தினமும் பெருக்கித் துடைத்துக் காப்பாற்றுகிற சுவர். கையை நீட்டித் தடுக்கக்கூடப் போனார். அப்போது 'பொங்கித் தின்னுக்கிடுங்க' என்ற குரல் காதில் கேட்டது. கையை மடக்கிக்கொண்டு, செங்கல் பொறுக்க ஆரம்பித்தார்.

ஒரு மணிக்குப் புது ஜன்னல் திறந்தது. ஆள் தலை நுழைகிற அகலம். மாசானம் அதற்கு நேரே நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்டேட் வந்ததும் அமுக்க வேண்டும்.

அரை மணி போனது. ஒரு மணி போனது. இரண்டேகாலுக்கு ஓட்டை வழியாக ஒரு தாடி தெரிந்தது. பின்னாலேயே கொம்பு. யாரோ வளர்க்கும் வெள்ளாடு ஒன்று உள்ளே தலையை நீட்டி, பிஸ்கட் வாசனையை முகர்ந்தது.

"வந்துட்டு! அமுக்கும் வேய், அமுக்கும்!" என்று திரவியம் கத்தினார்.

மாசானம் இரண்டு கையாலும் ஆட்டின் தலையில் ஓர் அமுக்கு அமுக்கினார். ஆடு "ம்மே" என்றது.

இப்போது நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும். சில கம்ப்யூட்டர்கள் யாரும் கேட்காமலே தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டரும் காலையிலிருந்து அந்த வேலையைத்தான் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. ஆடு கத்திய அதே நொடியில் அது டிங் என்று மணியடித்தது. திரையில் எழுத்து வந்தது: 'உலாவி புதுப்பிக்கப்பட்டது.'

கொம்பையா ஆட்டைக் கும்பிட்டார்.

மாசானம் மீதியை வாசித்தார். "இதுவரை, பதில் சொல்லாத செருகுநிரல் பத்து விநாடியில் முடக்கப்பட்டது. இனி நாற்பத்தைந்து விநாடி காத்திருந்த பிறகே முடக்கப்படும்."

"ரொம்ப நியாயம்," என்றார் திரவியம். "பத்து விநாடியில யாருதான் பதில் சொல்லுவா? எனக்கே முடியாது. மாசானம், பிளக்குகிட்ட கேளும்."

மாசானம் தரையில் மண்டியிட்டுச் சுவரோரம் இருந்த பிளக்கிடம் மரியாதையாகக் கேட்டார். "என்ன, சௌகரியமா? படிவம் போகுமா, போகாதா?" கொம்பையா எண்ணினார். முப்பத்தெட்டில் விக்கல் வந்து கணக்குத் தப்பியது. முதலிலிருந்து எண்ணினார். நாற்பத்தைந்து முடிந்தும் பிளக் வாயைத் திறக்கவில்லை. அதே சமயம் திரையில் வேறொரு செய்தி வந்தது: 'செருகுநிரல் முடக்கப்பட்டது. பக்கத்தை மீண்டும் ஏற்றவும்.'

"முடக்கியாச்சுன்னா இப்ப விழும்!" என்றார் திரவியம். "மத்தது எதுவும் கூடச் சேந்து விழப்படாதுன்னு ஜெபசிங்கு சொன்னாரே. ஊரைக் கூப்பிடுங்க!"

ஊர் ஓடிவந்தது. நாற்பது பேர் இருக்கும். விழக்கூடிய ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சுவர்க்கடிகாரம். ஒருவர் காலண்டர். இரண்டு பேர் மேஜை விசிறி. பிடிக்க ஒன்றும் கிடைக்காதவர்கள் பிடித்தவர்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னும் ஒரு வரி பாக்கி," என்றார் மாசானம். "பக்கத்தை மீண்டும் ஏற்றவும்."

"எதுல ஏத்த?"

இதுதான் அன்றைய மிகக் கடினமான கேள்வி. மாசானம் கண்ணை மூடி யோசித்தார். பக்கம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டரை ஏற்ற வேண்டும். மீண்டும் என்று போட்டிருக்கிறது. ஆகவே முன்பு ஒரு தடவை ஏற்றியிருக்க வேண்டும்.

"இதை மொதல்ல டவுன்லருந்து எதுல ஏத்திக் கொண்டாந்தோம்?" என்று கேட்டார்.

"பஸ்ஸுலதான்!" என்று நாற்பது பேரும் சொன்னார்கள். அந்த ஊர் அவ்வளவு பெரிய உண்மையை ஒரே நாளில் கண்டுபிடித்ததே இல்லை.

மூன்றரைக்கு பஸ் வந்தது. கொம்பையா கம்ப்யூட்டரைத் தூக்கினார். மாசானம் ஆட்டைத் தூக்கினார். பிடித்த பொருளை விடும்படி யாரும் சொல்லாததால் கடிகாரம், காலண்டர், விசிறியோடு எல்லோரும் ஏறினார்கள். சீனியை ஜன்னலிலிருந்து இறக்கினால் ஜன்னல் திறந்துவிடும்; ஆகவே சட்டத்தைப் பெயர்த்து, சட்டத்தோடு அவனைப் பின்படிக்கட்டில் சாத்திவைத்தார்கள். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்க வாயைத் திறந்தபோது அதற்குள் விசிறியின் ஓர் இறக்கை இருந்தது.

பாரம் தாங்காமல் ஊர்ந்து ஊர்ந்து பஸ் டவுன் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். போக்குவரத்து அலுவலகம் பஸ் நிலையத்துக்குள்ளேயேதான். சத்தம் கேட்டு மேலாளர் அம்மா வெளியே வந்தார். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மேற்கூரையில் ஆள். படிக்கட்டில் ஆள். ஜன்னலுக்குள் ஆள், அது பஸ்ஸின் ஜன்னலும் இல்லை.

"எந்த ஊரு பஸ் இது?"

"கோணாங்குளம், அம்மா," என்று மாசானம் ஆட்டோடு கும்பிட்டார். "பக்கத்தை ஏத்திட்டோம். அஞ்சு மணிக்குள்ள."

மேலாளருக்கு அது விளங்கவில்லை. ஆனால் பஸ் விளங்கியது.

"இந்தத் தடத்துல ஏற ஆளே இல்லைன்னு எந்தப் புண்ணியவான் எழுதினது?" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினார். "நிம்மதியாப் போங்க. உங்க பஸ்ஸை நிறுத்த மாட்டோம். எழுதியே தர்றேன்."

எழுதியே கொடுத்தார், முத்திரையும் வைத்தார். மாசானத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை முடிந்து பஸ் ஏற வந்த உலகம்மையிடம் காகிதத்தை நீட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை. கணவர் கையில் இருந்த ஆட்டைப் பார்த்தாள். "இது என்னது?" என்றாள். "அப்டேட்டு," என்றார். இருபது வருடக் குடித்தனம். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. "சரி, வீட்டுக்குப் போலாம் வாங்க," என்றாள். மாசானத்துக்குப் பல நாள் கழித்துப் பசித்தது.

ஊர் வந்து இறங்கியதும் அவர் மேட்டில் ஏறி நின்று காகிதத்தை உரக்கப் படித்தார்.

"கோணாங்குளம் பேருந்து இனி எக்காரணம் கொண்டும் நிறுத்தப்பட மாட்டாது."

ஊர் கைதட்டியது. பாதிக் கைதட்டலில் திரவியத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன சொன்னீரு? நிறுத்த மாட்டாவளா?"

"எக்காரணம் கொண்டும்," என்றார் மாசானம். அவருக்கும் குரல் இறங்கியது.

"அப்ப எப்படி வேய் ஏறுறது?"

மறுநாள் காலை பஸ் வழக்கம்போல வந்தது, வழக்கம்போல நின்றது. உலகம்மை தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, சாலையோரம் வரிசையாகக் குனிந்து நின்றார்கள்.

"ஏறுங்கய்யா!" என்றார் டிரைவர்.

"நீங்க எடுங்க!" என்று திரவியம் அதட்டினார். "நிக்கிற பஸ்ஸுல ஏற எங்களுக்கு உத்தரவு இல்ல!"

டிரைவர் குழம்பி வண்டியை நகர்த்தினார். ஊரே கூட ஓடியது. பாவம் பார்த்து நிறுத்தினார். ஊரும் நின்று, இரண்டடி பின்வாங்கி, அவரை முறைத்தது. எடுத்தார், ஓடினார்கள். நிறுத்தினார், நின்றார்கள். மாசானம் மனைவியின் ஜன்னலோரமாக ஓடிக்கொண்டே, "இறங்குளா! இறங்கி, சட்டப்படி ஓடி ஏறு!" என்று கெஞ்சினார். அவள் ஜன்னல் வழியாக அவருக்கு ஒரு இட்லி நீட்டினாள். வாங்கிக்கொண்டு ஓடினார்.

பதினொரு கிலோமீட்டர். பஸ்ஸும் ஊரும் ஒன்றாகவே டவுன் போய்ச் சேர்ந்தன. மேலாளர் அம்மா வெளியே வந்து பார்த்தார். பஸ்ஸுக்குள் இருந்த பயணி ஒரே ஒருத்தி.