ராஜா தூங்கினால் நடக்கும் வேலை

காரைமேட்டு ராஜா குமாரவீரர் படுக்கையை விட்டு இறங்குவது குளிக்க மட்டும்தான். சபை, தீர்ப்பு, சாப்பாடு எல்லாமே கட்டிலில். அவருக்கென்று பக்கத்து அறையில் ஒரு கருங்கல் தொட்டி வந்து இறங்கியது. செய்ய வைத்தவர் அரண்மனை அதிகாரி தில்லையப்பர். தொட்டியை உள்ளே வைத்துச் சுவரையும் எழுப்பிய பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் வெளியேற அதில் துளையே இல்லை.

தில்லையப்பர் அசரவில்லை. "மகாராஜா, இது புத்திசாலி செய்யவேண்டிய வேலை. நம்ம மந்திரி சட்டநாதர் இருக்காரே" என்றார்.

ராஜா சட்டநாதரைப் பார்த்தார். "பௌர்ணமிக்குள்ள துளை போடணும். என் காதுல சின்னச் சத்தம்கூட விழக்கூடாது. விழுந்தா, ஆயுசு பூரா நீர்தான் குவளையால தண்ணியை இறைச்சு ஊத்தணும். உம்ம ஆசனம் தில்லையப்பருக்கு."

பௌர்ணமிக்குப் பத்தே நாள். கருங்கல்லைச் சத்தமில்லாமல் யார் துளைப்பது? கல்தச்சர் ஒண்டிமுத்து தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உளியை வைக்கணும், ஒரு அடி, கொஞ்சம் திருப்பணும், மறுபடி ஒரு அடி. இதான் வழி, சாமி. சத்தம் வராம எப்படி?"

அப்போது மதியச் சாப்பாடு முடிந்து ராஜா கண்ணயர்ந்தார். அடுத்த கணம் ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. ராஜா குறட்டை விடுவது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. ஒருமுறை வாய்தவறிச் சொன்ன சமையல்காரனை நாடு கடத்தியே விட்டார்கள்.

சட்டநாதர் ஒண்டிமுத்துவின் காதருகே குனிந்தார். "அவர் மூச்சை இழுக்கறப்போ உளியைத் திருப்பு. விடறப்போ அடி."

பத்து நாளும் மதியத்தில் அப்படியே நடந்தது. ராஜா ஒரு தடவைகூடப் புரண்டு படுக்கவில்லை.

பௌர்ணமியன்று குளித்து எழுந்தார் ராஜா. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. "ஒரு சத்தமும் கேக்கலையே! எப்ப துளைச்சீங்க?"

சட்டநாதர் வாயைத் திறப்பதற்குள் ஒண்டிமுத்து முந்திக்கொண்டார். பாவம், அரண்மனைப் பழக்கம் தெரியாத மனுஷர்.

"சாமி குறட்டை விடறப்போ மட்டும்தான் அடிச்சேனுங்க. நல்ல குறட்டைங்க, தாளம் தப்பவே இல்ல."

ராஜாவுக்கு விசிறிக்கொண்டிருந்த சேவகன் விசிறியை அப்படியே நிறுத்தினான். ராஜாவின் முகம் சிவந்தது.

"கேட்டீங்களா மகாராஜா? உங்களைப் போய்க் குறட்டை விடறவர்ங்கிறான். சொல்லிக்கொடுத்தது இந்தச் சட்டநாதர்தான்!" என்று துள்ளினார் தில்லையப்பர்.

"ஓய் சட்டநாதரே, நான் குறட்டை விடறேனா?"

சட்டநாதர் கைகூப்பினார். பயம் இருந்தது, குரலில் காட்டவில்லை.

"மத்த நாட்டுல ராஜா தூங்கினா வேலை நின்னுபோகுது, மகாராஜா. நம்ம நாட்டுல நீங்க தூங்கினாத்தான் வேலையே நடக்குது."

ராஜா சற்று நேரம் முறைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். ஒண்டிமுத்துவுக்குக் கைக்காப்பு கிடைத்தது, சட்டநாதருக்கு முத்துமாலை. தில்லையப்பர் கையில் விசிறியைக் கொடுத்தார்கள்.

"சரி, நாட்டுல வேற என்ன வேலை பாக்கி?" என்றார் ராஜா.

"ஏரிக்கரை உடைஞ்சு கிடக்கு, மகாராஜா" என்றார் சட்டநாதர்.

ராஜா உடனே போய்ப் படுத்துக்கொண்டார்.