யார் கண்ணும் படாத கத்தரிக்காய்

ஊத்தங்குளத்து மூக்காண்டிக்குத் தலை என்று ஒன்று இருந்தது. தலைப்பாகை கட்ட அது போதும். அவன் தம்பிகள் சொள்ளமுத்துவும் பலவேசமும் தலைப்பாகை கட்டுவதில்லை. அதனால் அவர்கள் தலைக்கு அந்த வேலையும் இல்லாமல் போயிற்று.

இந்த மூன்று பேரை நம்பி எருக்கஞ்செடிகூட முளைக்காது. அந்த வருஷம் வீட்டுக் கொல்லையில் கத்தரியும் சீனியவரையும் புடலையும் காய்த்துத் தொங்கின என்றால், அது மூக்காண்டியின் பெண்டாட்டி உலகம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததால்தான். மூக்காண்டியின் பங்கு, செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் விழுங்கியது. சொந்தக் கத்தரிக்காய் போட்ட கூட்டாஞ்சோறு ஒரு வாய் தின்றுவிட்டால் போதும், பிறந்த பலன் கிடைத்துவிடும் என்று நினைத்தான். அதற்கு மேல் எதையும் அவன் நினைத்ததில்லை.

உலகம்மாள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினாள்.

"நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். அதுக்குள்ள காயெல்லாம் பறிச்சுக் கூடையில போட்டு வைங்க. வந்து கூட்டாஞ்சோறு ஆக்குதேன். ஆனா காய்மேல யார் கண்ணும் படப்பிடாது!"

அவள் தலை மறைந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"யார் கண்ணும்னா, நம்ம கண்ணுமாண்ணே?" என்றான் சொள்ளமுத்து.

மூக்காண்டி வெகுநேரம் யோசித்தான். "நமக்குக் கண்ணு இருக்கால?"

பலவேசம் தடவிப் பார்த்தான். "இருக்குண்ணே."

"அப்ப நம்ம கண்ணும் படப்பிடாது."

மறுநாள் மூன்று பேரும் துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு காய் பறிக்க இறங்கினார்கள். திரும்பிப் போக வழி தெரிய வேண்டுமே என்று வேலிக் கதவை அகலத் திறந்து வைத்தான் மூக்காண்டி. பலவேசத்தின் கையில் அகப்பட்ட முதல் கத்தரிக்காய் அண்ணனின் மூக்கு.

"நல்லா முத்திட்டுண்ணே, காம்பு வர மாட்டேங்கு" என்று இரண்டு கையாலும் இழுத்தான்.

எப்படியோ கூடை நிறைந்தது. அப்போது நறுக் நறுக்கென்று மெல்லும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக் கிடா திறந்த கதவு வழியாக வந்து கூடைக்குள் வாயை விட்டிருந்தது.

"எவம்ல திங்கது?" மூக்காண்டிக்கு வயிறு எரிந்தது. அவனுடைய கூட்டாஞ்சோறல்லவா போகிறது!

"நான் இல்லண்ணே."

"நானும் இல்லண்ணே. துண்டை அவுத்துப் பாப்பமா?"

"கூறுகெட்டவனே! அவன் வாயில காய் இருக்கு. இப்பப் பாத்தா காய்மேல கண்ணு பட்டுரும்லா? முழுங்கட்டும். வயித்துக்குள்ள போன பொறவு பாத்தா தோசமில்ல."

அண்ணனின் புத்தியைத் தம்பிகள் மெச்சினார்கள். கிடா கூடையை முடித்தது. செடி கொடியில் மிச்சமிருந்ததையும் முடித்துவிட்டு நிழலில் படுத்தது. தின்றவன் முழுங்கிவிட்டானா இல்லையா என்று மூவரும் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தபோது உலகம்மாள் வந்தாள்.

"காயெல்லாம் எங்க?"

"காய் போச்சு. ஆனா அதுமேல ஒரு கண்ணு படலியே!" என்றான் மூக்காண்டி, நெஞ்சை நிமிர்த்தி.

உலகம்மாள் கிடாவைப் பார்த்தாள், மூன்று துண்டுகளையும் பார்த்தாள். "துண்டை அவுக்காம அப்படியே உக்காருங்க. கூட்டாஞ்சோறு போடுதேன்" என்றாள். மூன்று வெறும் வாழை இலைகளை அவர்கள் முன்னால் வீசிவிட்டு, வந்த வழியே அண்ணன் வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

மூக்காண்டிக்கு மனசு நிறைந்துவிட்டது. பெண்டாட்டி என்றால் இவளல்லவா! ஆசையாகக் கையை நீட்டினான். அதற்குள் அவன் இலைப்பக்கம் அதே மெல்லும் சத்தம்.

தம்பிகளின் கை துண்டுக்குப் போனது.

"அவசரப்படாதிங்கல" என்றான் மூக்காண்டி. "முழுங்கட்டும்."