வலது தோள்

குணாளன் கல்லூரி பேஸ்பால் அணியின் பந்து வீச்சாளனாக இருந்தவன். ஒரு பல்கலைக்கழகப் போட்டியில் ஒன்பது பேரை வரிசையாக, மட்டையில் பந்து படாமலே வெளியே அனுப்பினான். இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது வலது தோள்பட்டைத் தசை கிழிந்தது.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது திண்டுக்கல்லில் மருந்து விற்பனைப் பிரதிநிதி. காலையில் வேலைக்குப் போகுமுன் மெர்லின் டீச்சரிடம் யோகா கற்றுக்கொள்கிறான். டீச்சர் அவனைவிட ஆறு வயது இளையவர்.

வாரம் ஒருமுறையாவது அவன் கேட்பான்.

“டீச்சர், கை எப்ப பழையபடி ஆகும்?”

“மூச்சைக் கவனிங்க” என்பார் டீச்சர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவிக்குக் காய்ச்சல். மூன்று வயது மகள் இதழினியை வகுப்புக்குத் தூக்கி வந்திருந்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டான். யோகா பாய், தண்ணீர் பாட்டில், குழந்தையின் செருப்பு எல்லாவற்றையும் அதே இடது கையில் கோத்துக்கொண்டு தடுமாறினான். வலது கை சும்மா தொங்கியது.

“அந்தக் கையிலயும் கொஞ்சம் வாங்கிக்கலாமே” என்றார் டீச்சர்.

“அப்பாவோட அந்தக் கையைத் தொடக் கூடாது” என்றாள் இதழினி.

டீச்சர் அவனைப் பார்த்தார். “டாக்டர் சொன்னாரா?”

“இல்ல டீச்சர். அவர் அப்பவே எல்லாம் தூக்கலாம்னுட்டார். நான்தான் பத்திரமா வச்சிருக்கேன்.”

“இவளை ஒரு தடவைகூட அந்தக் கையில தூக்கினதில்லையா?”

குணாளன் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான். “இல்ல.”

டீச்சர் குழந்தையை வாங்கினார். அவனுடைய வலது பக்கம் போய் நின்று நீட்டினார்.

“பிடிங்க.”

அவன் தயங்கினான். இதழினி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் தயங்கினாள். பிறகு மெல்லத் தாவி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“கனக்குதா?”

“கனக்குது.”

“வலி?”

“லேசா இருக்கு.” அவன் டீச்சர் பக்கம் திரும்பினான். “டீச்சர், இப்படித் தூக்கிட்டிருந்தா மறுபடியும் பந்து வீச முடியுமா?”

“முடியாது” என்றார் டீச்சர். “தூக்காம இருந்தாலும் முடியாது.”

குணாளன் குழந்தையை இன்னும் சற்று மேலே ஏற்றிப் பிடித்தான். கை மாற்றவில்லை.