கவுதாரிங்க தூக்கிட்டுப் போன ஆட்டுப்பட்டி

ராக்கியண்ணன் வாயத் தொறந்தா, கேக்கறவங்க பக்கத்துல இருக்கறது எதையாவது கெட்டியாப் புடிச்சுக்கோணும். இல்லீன்னா அடிச்சுட்டுப் போயிரும். அன்னிக்கு நாங்க புடிச்சுக்கிட்டது மாவு மூட்டைய.

செங்காட்டுவலசுல மாவு மில்லு வெச்சிருக்கறது நான்தான். தாராபுரம் பக்கம், மழை சும்மா எட்டிப் பாத்துட்டுப் போற ஊரு. ஆடிக் காத்துல எங்கியோ கம்பி ஒரசி, காலைலயே கரண்டு போயிருச்சு. பாவாத்தாக்காவோட கம்பு பாதி மாவாகியும் பாதி ஆகாமயும் மிஷினுக்குள்ள நிக்குது. கோழிக்கறிக் கடை நாச்சிமுத்து மசாலாவுக்கு மொளகாயும் மல்லியும் கொண்டாந்திருந்தான். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டுனதுல இருந்து அவன் கடையச் சாத்தி வெச்சிருக்கான். மறுநாளு தொறக்கறதுக்கு மசாலா வேணும். ராக்கியண்ணன் கையில ஒரு சின்னப் பை ராகி. அதை அவரு வீட்டுலயே திருகைல அரைச்சுக்கலாம். ஆனா திருகை கதை கேக்காதே.

வீட்டுக்குப் போய்ட்டு அப்பறமா வாங்கன்னு சொன்னேன். ஒருத்தரும் எந்திரிக்கல.

பாவாத்தாக்கா மூஞ்சி மட்டும் சரியில்ல. என்னங்க்கான்னு கேட்டதும் பொலபொலன்னு சொன்னாங்க. முந்தாநாளு வெடியால பட்டிக்குப் போய்ப் பாத்தா, அஞ்சு குட்டி செத்துக் கெடக்குதாம். எல்லாம் பால்குடி மறக்காத குட்டி. தாயாடுங்க சுத்திச் சுத்தி வந்து கத்துதாம்.

"நரிதான். எங்க வேலியோரத்துல ஒண்ணு சுத்துது, நானே பாத்தேன். மாவ அரைச்சுட்டுப் போய்க் கறில பயிருக்குப் போடற குருணை மருந்து கலந்து வெச்சுப்போடறேன். நரியா நானான்னு பாத்தர்றேன்" அப்படீன்னாங்க.

"கறி நான் தர்றனுங்க்கா. நாளைக்குக் கடை தொறந்ததும் சும்மாவே தர்றேன்" அப்படீன்னான் நாச்சிமுத்து.

அந்த எடத்துலதான் ராக்கியண்ணன் துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. அவரு துண்ட ஒதறுனா, மோட்டாருக்குச் சுவிச்சுப் போட்ட மாதிரி.

"ஏனுங்க்கா, நரிக்கு மருந்தா? நரிய வெச்சே ஆடு காப்பாத்துனவன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். என்னைய ஒரு வார்த்தை கேக்காம மருந்தாமா மருந்து?"

"ஆரம்பிச்சுட்டாரு" அப்படீன்னு நாச்சிமுத்து மொளகா மூட்டை மேல சாஞ்சுக்கிட்டான்.

"மாப்ள, நீ நம்ப வேண்டாம். அக்கா கேக்கட்டும். மொதல்ல நானும் உங்களாட்டத்தானுங்க்கா கோவப்பட்டேன். என்ற மேய்ச்சக் காட்டச் சுத்திக் கிளுவை வேலி போட்டேன். என்ன வேலிங்கறீங்க? எலி உள்ள வரோணும்னா வயித்த எக்கிட்டுத்தான் வரோணும். ஒருக்கா இதே ஆடி மாசம், காத்து கண்ணு மண்ணு தெரியாம வந்து வேலில மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. உசு உசுன்னு கெடந்து மொனகுது. பாவமாப் போச்சு. அருவாள எடுத்தாந்து வேலிய வெட்டி உட்டேன். அப்படியும் ஒரு துண்டு அறுந்து முள்ளுலயே நின்னு போச்சு. அத உருவிக் கொண்டாந்து கட்டலுக்கு மேல கட்டி வெச்சு, அடுத்த சித்திரை பூராவும் ஃபேனில்லாமத் தூங்குனேன்."

"அந்தத் துண்டு இப்ப இருந்தாக் கொண்டாங்க மாமா. மில்லுக்குள்ள வேர்த்து ஊத்துது."

"பழசாயிருச்சு மாப்ள. இப்பெல்லாம் அனலாத்தான் அடிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாவாத்தாக்கா சிரிக்கல. ஆனா மூட்டைய இன்னுங் கொஞ்சம் பக்கத்துல நகத்திப் போட்டு உக்காந்தாங்க.

"வேலியோட உட்டனா? நாயி வளத்துனேன். அது ஓட ஆரம்பிச்சா நெழல் கூட ஓட மாட்டாம, 'நீ போய்ட்டு வா, நான் இங்கியே இருக்கறேன்'னு வேப்பமரத்தடில படுத்துக்கும். ஒருநா நரியப் பாத்துப் பட்டில நின்னு குரைச்சுச்சு. குரைச்சுப்போட்டுத் தொரத்திக்கிட்டு மூலனூர் எல்லை வரைக்கும் போய்த் திரும்பி வருது, பாதி வழில அதோட குரைப்பு எதுக்க வருதுங்க்கா! இதாருடா நம்ம காட்டுல இருந்து குரைச்சுட்டு வர்றதுன்னு, தன்ற சத்தத்தோடயே சண்டைக்கு நின்னுக்கிச்சு."

"யாரு ஜெயிச்சாங்க?" அப்படீன்னேன் நான்.

"சத்தந்தான். ஒரு வாரம் நாயிக்குத் தொண்டை கட்டிப் போச்சு."

"சரிங்க மாமா," நாச்சிமுத்து நிமுந்து உக்காந்தான். "காத்தே நொழையாத வேலி, நெழலே புடிக்க முடியாத நாயி. அப்பறம் நரி எப்படி உள்ள வந்துச்சு?"

"அப்படிக் கேளு. அதுதான் எனக்கும் வெளங்கல. ஒருநா மத்தியானம் வேலியோரத்துல உக்காந்து காத்திருந்தேன். வந்துச்சு. பாத்ததும் என்ற கோவமெல்லாம் போயிருச்சு. அத்தன எளைப்பு! பக்கவாட்டுல நின்னாத்தான் நரின்னு தெரியுது. நேரா நின்னா வெறும் மூக்கு மட்டும் அந்தரத்துல தொங்குது. வேலில சந்து தேடி நொழையற வேலையே அதுக்கு இல்ல. கிளுவை எலைக்கும் எலைக்கும் நடுவுல காயிதமாட்டம் பூந்து வந்துருது.

"அப்பத்தான் யோசிச்சேன். ஜேசிபிய உட்டு, காட்டுல இருந்த எலந்தைப் புதரு, சூரை முள்ளு எல்லாத்தையும் வழிச்சு மொட்டை அடிச்சாச்சு. எலிக்கு எடமில்ல, வெட்டுக்கிளிக்கு எடமில்ல, எலந்தப்பழமும் இல்ல. நரிக்குச் சாப்பாடே அதுதான். தட்டத்தப் புடுங்கிப்போட்டு, என்ற குட்டியப் பாக்காதேன்னா அது எங்க போகும்? சரி, கெழக்கு மூலை உன்றதுன்னு அந்த எடத்த அப்படியே உட்டுப்போட்டேன். கொத்தல, ஓட்டல, கொள்ளி வெக்கல. மழைத்தண்ணி நிக்கறக்கு ஒரு குட்டை மட்டும் வெட்டி உட்டேன்."

"நரிக்குப் பட்டாவே எழுதிக் குடுத்திருக்கலாம்" அப்படீன்னான் நாச்சிமுத்து.

"குடுத்திருப்பேன். அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியல. கதையக் கேளு. அந்த வருசம் மழை பேஞ்சுது பாருங்க்கா, கொழுக்கட்டைப்புல்லு மொளைச்சுது. என்ன வளத்தி! காலைல ஆடு குனிஞ்சு புல்ல வாயில புடிக்கும். மென்னு முழுங்கறதுக்குள்ள புல்லு வளந்து ஆட்டையும் மேல தூக்கிட்டுப் போயிரும். சாயங்காலம் பொழுதோட நான் ஏணி போட்டு ஒவ்வொண்ணா எறக்குவேன். புல்லு இருந்தாப் பூச்சி வருமில்ல? பூச்சிக்குக் கவுதாரி வந்துச்சு. சுத்துப்பட்டுக் கவுதாரியெல்லாம் குடும்பத்தோட வந்துச்சு. புதருல எடம் பத்தல. என்ற ஆடுங்க குரும்பை ஆடு, மசுரு கம்பளியாட்டம் இருக்கும். அதுலயே கூடு கட்டி முட்டை வெச்சுக்கிச்சு. நான் ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போனா முதுகுல இருந்து குஞ்சுங்க எட்டிப் பாக்குது."

பாவாத்தாக்கா உதட்டக் கடிச்சுட்டு மாவப் பாத்தாங்க. சிரிப்ப அடக்கறாங்கன்னு தெரிஞ்சுது.

"அப்பத்தான் மாரியம்மன் நோம்பி வந்துச்சு. உச்சிப் பொழுதுல கோயல்ல வேட்டுப் போட்டானுங்க. டமார்னுது. அத்தன கவுதாரியும் ஒட்டுக்கா பயந்து படபடன்னு ரெக்கைய அடிச்சுது. கூடு எதுல இருக்குது? ஆட்டு மசுருல. கூட்டையும் குஞ்சையும் உட்டுட்டுப் பறக்க அதுகளுக்கு மனசு வருமா? கூட்டக் கால்ல இறுக்கிப் புடிச்சுட்டே எழும்புச்சு. என்ற பட்டி மொத்தமும் எழும்புச்சுங்க்கா! நான் தொரட்டியோட கீழ நிக்கறேன், ஆடுங்க மேல 'ம்மே'ன்னுட்டு மேகத்துக்குப் போகுது."

"ஆடு பறந்துச்சு" அப்படீன்னான் நாச்சிமுத்து, மெதுவா.

"பறக்கல மாப்ள. நான் பொய் சொல்ல மாட்டேன். கவுதாரிதான் பறந்துச்சு. ஆடு சும்மா கூடப் போச்சு. அதுவாச்சும் பரவால்ல. காத்து மேக்க இருந்து அடிக்குது. எதுக்கால கரண்டு எடுக்கற காத்தாடி. ஒவ்வொரு ரெக்கையும் பனைமரத்த விட நீட்டம், உர்ர் உர்ருன்னு சுத்துது. பட்டியே அங்க போய் மாட்டப் பாக்குது. எனக்கு உசுரே போயிருச்சு. 'மாரியாத்தா, உன்ற நோம்பி வேட்டுலதானே போச்சு, நீயே பாத்துக்கோ'ன்னு கத்துனேன்.

"அப்பத் தாவுச்சு பாருங்க, அந்த நரி! கெழக்கு மூலைல எலியும் எலந்தப்பழமும் தின்னு நல்லாக் கொழுகொழுன்னு ஆகியிருந்துச்சு. குட்டைக் கரைல இருந்து ஒரே தாவு, கடைசி ஆட்டோட வாலக் கவ்விப் புடிச்சுது."

"ஒரு நரி வெயிட்டுக்கு ஒரு பட்டியே எறங்குச்சா?"

"எறங்குமா? அதையும் சேத்துத் தூக்குச்சு. நரி வால இன்னொரு நரி புடிச்சுது. அது வால முயலு. முயலுக்கு வால் பத்தலைன்னு காதத் தொங்க உட்டுச்சு, அதைக் கீரி புடிச்சுது. கீரி வாலச் சாரைப்பாம்பு புடிச்சுது."

"கீரி வாலப் பாம்பு புடிச்சுதா?"

"ஒரே காட்டுல குடியிருக்கறவங்க மாப்ள. ஆபத்துக்கு வரமாட்டாங்களா? இப்படியே சரம் சரமா வானத்துல இருந்து தரை வரைக்கும் தொங்குது. அப்பவும் நிக்கல, இழுத்துட்டே போகுது. கடைசியா பாம்போட வால வாயில கவ்விட்டு ஒரு உடும்பு, நாலு காலாலயும் பாறையப் புடிச்சுது பாருங்க. புடிச்சா உடுமா அது? நின்னுச்சு பட்டி! அப்பறம் நான் சாவகாசமா, கெணத்துல தண்ணி எறைக்கற மாதிரி, ஒவ்வொண்ணா இழுத்துக் கீழ எறக்குனேன். அன்னில இருந்து என்ற பட்டிக்கு நரிதான் காவலு."

பாவாத்தாக்காவால அதுக்கு மேல முடியல. முந்தானைய வாயில அமுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. சிரிச்சுட்டே கண்ணத் தொடைச்சாங்க. தொடைச்சது சிரிப்புக்கா அழுகைக்கான்னு எனக்குத் தெரியல.

"உங்க நரி தங்கம் தம்பி. என்ற பட்டிக்கு வந்தது எமனாச்சே. திங்கறதுக்குன்னு ஒண்ணத் தூக்கிட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறும். அஞ்சையும் கடிச்சுப்போட்டு, ஒண்ணக்கூடத் திங்காமப் போயிருக்குது."

ராக்கியண்ணன் கை அந்தரத்துல நின்னுச்சு.

"திங்கலையா?"

"இல்ல."

"கடி எங்கெங்க இருந்துச்சு?"

"எங்கன்னு சொல்றது? தொடை, வயிறு, காது, எல்லாம் கிழிச்சுப் போட்டிருந்துச்சு. பட்டி பூரா மிதிச்சு நாசம்."

"அது நரி இல்லீங்க்கா." அந்தக் கொரல் வேற மாதிரி இருந்துச்சு. துண்டு கூட ஆடல. "நரி பசிக்கு வரும். ஒரு குட்டியக் கவ்வுனா எடுத்துட்டு ஓடிரும், மறைவுல போய்த்தான் திங்கும். இப்படிக் கூட்டமா வந்து, ஓடறதையெல்லாம் தொரத்தித் தொரத்திக் கடிச்சுப் போட்டுட்டுப் போறது நாய்ங்க. ஊரு நாய்ங்க."

நாச்சிமுத்து மூட்டைல இருந்து எந்திரிச்சே நின்னுட்டான். "இத மட்டும் நான் நம்ப மாட்டேன்! இத்தன நேரம் ஆடு பறந்துச்சுன்னீங்க, கேட்டுக்கிட்டேன். பாம்பு கீரி வாலப் புடிச்சுதுன்னீங்க, கேட்டுக்கிட்டேன். நாயி ஆட்டக் கடிக்கும்னா, அத நம்பறக்கு நான் என்ன கேனையா?"

அவன் போட்ட சத்தந்தான் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. இத்தன புளுகுக்கும் சிரிச்சவன், இதுக்கு எதுக்குக் கோவப்படறான்? அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. மில்லு ஜன்னல்ல இருந்து பாத்தா ஓடைக்குப் போற வழி தெரியும். தெனமும் பொழுதோட நாய்ங்க வரிசை கட்டிட்டு அந்தப் பக்கம் போகும். இந்த ஒரு வாரமா அதுக அங்க போய்ட்டு, உடனே திரும்பி வந்து ஊருக்குள்ள அலையுது.

"தம்பி, உங்க கடைல குடலு, ரெக்கையெல்லாம் எங்க கொட்டறீங்க?" அப்படீன்னு கேட்டேன்.

"ஓடைலதான். ஏன்?"

"கடை சாத்தி ஒரு வாரமாச்சே. அந்த நாய்ங்களுக்குத் தீனி ஏது?"

அவன் மொளகா மூட்டையோட முடிச்ச அவுத்தான், மறுபடியும் கட்டுனான். ஓடைக்கு ஒட்டுனாப்பல இருக்கறது பாவாத்தாக்கா காடுன்னு ஊருக்கே தெரியும்.

பாவாத்தாக்கா அவன ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தாக்கூட அவனுக்குத் தேவலையா இருந்திருக்கும். "நான் மருந்து வெச்சிருந்தா, ஒண்ணும் பண்ணாத அந்த நரியும் செத்திருக்கும். அதுக்கு நீ சும்மா கறி தர்றேன்னியே தம்பி" அப்படீன்னு மட்டும் கேட்டாங்க.

நாச்சிமுத்து தலையக் குனிஞ்சுக்கிட்டான். "எனக்கு இது தோணவே இல்லீங்க்கா. சத்தியமா. இன்னிக்கே ஆளு உட்டுக் குழி வெட்டறேன். இனி ஒரு ரெக்கை கூட ஓடைக்குப் போகாது. உங்க பட்டிப் படலுக்கும் நானே வந்து முள்ளு அடைச்சுத் தர்றேன்."

"படல நெஞ்சு ஒசரத்துக்குத் தூக்கிக் கட்டு மாப்ள. நாயி தாவும்" அப்படீன்னாரு ராக்கியண்ணன். அதுல ஒரு புளுகும் இல்ல.

சித்த நேரத்துல கரண்டு வந்துருச்சு. மிஷினு கொர்ருன்னு உறுமி, பாவாத்தாக்காவோட மிச்சக் கம்பையும் அரைச்சுத் தள்ளுச்சு. மாவத் தட்டிப் பையில அள்ளிக் கட்டிக் குடுத்தேன். நாச்சிமுத்துதான் முந்திக்கிட்டு அவுங்க தலைல தூக்கி வெச்சான். கொஞ்சம் தெம்பு வந்ததும் அவனுக்கு வாய் சும்மா இருக்கல.

"ஏனுங்க மாமா, உங்க பட்டிக்குக் காவல் இருந்துச்சே ஒரு நரி. அது இப்ப எங்க?"

ராக்கியண்ணன் மொகம் மலந்துச்சு. துண்ட எடுத்து ஒதறித் தோள்ல போட்டு, நெஞ்சு நெறைய மூச்ச இழுத்தாரு.

வாசப்படி தாண்டப் போன பாவாத்தாக்கா, தலைல மூட்டையோட திரும்பிப் பாத்தாங்க.

"எங்க வேலியோரத்துலதான் கெடக்குது. உங்க பேச்சக் கேட்டுக் கேட்டு அதுக்குக் காது வலி வந்துருச்சாம்."